கால் தரையில் பாவ வேண்டும்

ஒரு பையன் இடமிருந்து வலமாக நடக்கிறான். நான் ஜாவா என்ற கணினி மொழியில் முதன்முதலாக எழுதிய விளையாட்டில் இருந்தது அவ்வளவுதான். எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை. அம்புக்குறி விசையை அழுத்தினால் பையன் நடக்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். படங்களை என் தோழி வரைந்து கொடுத்திருந்தாள். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கோட் எழுதி, படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி அடுத்தடுத்துத் திரையில் போட்டேன். பையன் நடந்தான். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் விளையாட்டை ஒரே கோப்பாகக் கட்டி, அந்த ஜார் கோப்பை அவளுக்கு அனுப்பினேன். தன் பழைய மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது ஒரு பென்சிலின் நுனியைத் திரையில், பையனின் குதிகாலுக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. அவன் கால் ஊணின இடத்துல பென்சிலை வெச்சிருக்கேன். அடுத்த காலை எடுத்து வைக்கிற வரைக்கும் இந்தக் கால் இங்கயேதான் இருக்கணும். அப்படித்தான் நான் வரைஞ்சேன். இது நகந்து எங்கயோ போயிடுது. கால் தரையில பாவவே இல்ல."

அந்தப் பென்சில் நுனிதான் எனக்கு ஸ்ப்ரைட் அனிமேஷனை, அதாவது சிறு படங்களை அடுத்தடுத்துக் காட்டி ஓர் உருவத்தை அசையவைப்பதை, கற்றுக்கொடுத்தது. படத்தை வெட்டுவது ஒரு மாலை வேலை. வெட்டிய படம் எந்த நேரத்தில், எந்தப் புள்ளியில் வந்து நிற்க வேண்டும் என்பதைச் சரிசெய்யத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த மூன்று வாரத்தைப் பற்றியதுதான்.

முதலில் வெட்டுவதைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் கொடுத்தது ஒரே பிஎன்ஜி கோப்பு. அகலம் 512 பிக்சல், உயரம் 256 பிக்சல். ஒவ்வொரு கட்டமும் 64க்கு 64. ஆக, ஒரு வரிசைக்கு 8 கட்டம், மொத்தம் 4 வரிசை, 32 படங்கள். மேல் வரிசையில் நடை, அதற்குக் கீழே ஓட்டம், அப்புறம் குதிப்பது, கடைசியில் சும்மா நிற்பது. இப்படி எல்லாப் படங்களையும் ஒரே தாளில் அடுக்கியதைத்தான் ஸ்ப்ரைட் ஷீட் என்கிறோம். 32 தனிக் கோப்புகளைத் திறந்து படிப்பதைவிட ஒன்றைத் திறப்பது சுலபம். கோப்பு வட்டில் சிறியதாக இருந்தாலும் நினைவகத்தில் விரியும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் இந்தத் தாள் 512 கிலோபைட் எடுத்துக்கொள்ளும். இதை ஒரே ஒரு முறை, விளையாட்டு தொடங்கும்போது படித்து வைத்துக்கொள்ள வேண்டும். படக் கோப்பைப் படித்துத் தரும் ஜாவாவின் இமேஜ்ஐஓவைத் திரையை வரையும் இடத்தில் கூப்பிட்டு ஒவ்வொரு முறையும் படிப்பதை நான் பலருடைய கோடில் பார்த்திருக்கிறேன். அங்கேயே பாதி வேகம் போய்விடும்.

இமேஜ்ஐஓ என்பதே ஜாவா 1.4-இல், 2002-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் டூல்கிட் என்ற ஜாவாவின் வசதியிடம் படத்தைக் கேட்டால் அது பின்னணியில் மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கும். ஏறி முடிப்பதற்குள் வரையச் சொன்னால் ஒன்றும் வராது, அல்லது பாதிப் படம் வரும். மீடியாடிராக்கர் என்று ஒன்றை வைத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஒரு வரியில் முழுப் படமும் பஃபர்டுஇமேஜாக, அதாவது நினைவகத்தில் தயாராக இருக்கும் படமாக, கைக்கு வந்துவிடும்.

எத்தனையாவது படம் தாளில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. படங்களுக்கு 0 முதல் 31 வரை எண் கொடுங்கள். எண்ணை 8-ஆல் வகுத்தால் ஈவு வரிசையைச் சொல்லும், மீதி அந்த வரிசையில் எத்தனையாவது கட்டம் என்று சொல்லும். 19 என்ற எண்ணுள்ள படம் என்றால் ஈவு 2, மீதி 3. இரண்டையும் 64-ஆல் பெருக்கினால் இடமிருந்து 192, மேலிருந்து 128. அங்கேதான் அந்தக் கட்டத்தின் மூலை.

வெட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, கெட்சப்இமேஜ். மூலையையும் அகல உயரத்தையும் கொடுத்தால் அந்தத் துண்டைத் தனிப் படமாகத் தரும். அது பிக்சல்களைப் படியெடுப்பதில்லை. மூலத் தாளின் அதே பிக்சல்களைத்தான் காட்டுகிறது. அதனால் 32 துண்டுகளையும் முன்கூட்டியே வெட்டி ஓர் அணியில், அதாவது எண்ணிட்ட பட்டியலில், போட்டுவைத்தாலும் நினைவகம் இரட்டிப்பாகாது. ஆனால் ஒரு துண்டின் மேல் எதையாவது வரைந்தால் அது தாளிலும் பதிந்துவிடும். தாளின் எல்லையைத் தாண்டி வெட்டச் சொன்னால் ராஸ்டர்ஃபார்மட்எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து விழும். அது வந்தால் கோடைத் தோண்டுவதற்கு முன் படத்தின் அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஓரத்தில் ஒட்டியிருந்த காலி இடத்தை யாரோ நறுக்கிவிட்டு 512-ஐ 500 ஆக்கியிருப்பார்கள்.

இன்னொரு வழி, வெட்டாமலே வரைவது. எனக்கு இதுதான் பிடிக்கும். படத்தைத் திரையில் வரையும் டிராஇமேஜ் என்ற மெத்தடுக்கு, அதாவது கட்டளைக்கு, பல வடிவங்கள் உண்டு. அதில் ஒன்று 10 மதிப்புகளை வாங்கிக்கொள்ளும். படம், திரையில் இரண்டு மூலைகள், தாளில் இரண்டு மூலைகள், கடைசியில் படம் ஏறுவதைக் கவனிக்கும் அப்சர்வர். இங்கே எல்லோரும் ஒரு முறையாவது தடுக்கி விழுவார்கள். அகலத்தையும் உயரத்தையும் கொடுக்க வேண்டிய இடம் என்று நினைத்து 64, 64 என்று போடுவோம். அது கேட்பதோ எதிர்மூலையை. 192-இல் தொடங்கும் கட்டத்துக்கு 256 என்று கொடுக்க வேண்டும். 255 என்று கொடுத்தால் கடைசிப் பிக்சல் வரிசை போய், படம் மெல்லியதாக இழுபடும்.

இந்த வடிவத்தில் ஓர் அழகு இருக்கிறது. திரையின் இடது எல்லையையும் வலது எல்லையையும் மாற்றிக் கொடுத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும். வலப்பக்கம் நடப்பதை மட்டும் வரைந்து வாங்கினால் போதும், இடப்பக்க நடை இலவசம். பாத்திரம் வலது கையில் வாள் பிடித்திருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். திரும்பியதும் அவர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். வரைந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை.

வெட்டுவது இவ்வளவுதான். இனி கால்.

ஸ்ப்ரைட் என்ற சொல்லுக்கு அகராதியில் பார்த்தால் குட்டித் தேவதை, ஆவி என்று பொருள் இருக்கும். வீடியோ சிப்களில் பின்னணிப் படத்தோடு ஒட்டாமல், அதன் மேல் தனியாக மிதந்து திரியும் சிறு உருவங்களுக்கு அந்தப் பெயர் வந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்9918 சிப்பில் இப்படி 32 உருவங்கள் இருக்கலாம், ஆனால் ஒரு கிடைக்கோட்டில் நான்குக்கு மேல் தெரியாது. 1983-இல் வந்த நின்டென்டோ ஃபாமிகாமில் 64 உருவங்கள், ஒரு கோட்டில் எட்டு. அதற்குமேல் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தால் மிச்சம் இருப்பவை மறைந்துபோகும். அதனால்தான் கூட்டம் சேர்ந்த இடங்களில் உருவங்கள் மினுக்கும்படி விளையாட்டுகளை எழுதினார்கள். ஒருமுறை இவர் மறைந்தால் மறுமுறை அவர் மறைவார், யாரும் ஒரேயடியாகக் காணாமல் போக மாட்டார்கள்.

ஜாவாவில் நாம் போடும் ஸ்ப்ரைட்டுக்கு அந்த வன்பொருள் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பழைய பெயரின் குணம் மட்டும் மாறவில்லை. பின்னணிக்கும் அதற்கும் எந்தப் பிணைப்பும் கிடையாது. தரை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆவி மாதிரி மேலே மிதக்கிறது. தரையில் நடப்பதுபோல அதைக் காட்டுவது முழுக்க நம் பொறுப்பு.

என் கோடில் இருந்த முதல் தவறு, ஃபிரேம் எண்ணை, அதாவது இப்போது காட்டும் படத்தின் எண்ணை, கூட்டும் வரியைத் திரையை வரையும் பெயின்ட்காம்பொனென்டுக்குள்ளேயே எழுதியிருந்தது. வரையும் ஒவ்வொரு முறையும் அடுத்த படம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஜன்னல்களைக் காட்டும் ஜாவாவின் ஸ்விங் எப்போது வரையும் என்பது நம் கையில் இல்லை. ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அளவு மாறமாற அது மறுபடி மறுபடி வரைந்துகொண்டே இருக்கும். இழுக்க இழுக்கப் பையன் கால்களைப் படபடவென்று அடித்துக்கொண்டான். இன்னொரு பக்கம், மறுபடி வரையச் சொல்லும் ரீபெயின்ட்டை நாம் மூன்று முறை கூப்பிட்டாலும் ஸ்விங் அவற்றைச் சேர்த்து ஒரே முறை வரைந்துவிட்டுப் போகலாம். வரைவது வேறு, காலம் நகர்வது வேறு. வரையும் இடத்தில் எந்த எண்ணையும் மாற்றக் கூடாது. இருப்பதைப் பார்த்து வரைய மட்டும்தான் வேண்டும்.

காலத்தை அளக்க நானோடைமை எடுத்துக்கொண்டேன். இது ஜாவா 5-இல், 2004-இல் வந்தது. அதற்கு முன் கணினியின் கடிகாரத்தை மில்லிவினாடியில் சொல்லும் கரன்ட்டைம்மில்லிஸ்தான் கதி. விண்டோஸின் கடிகாரம் அந்தக் காலத்தில் ஏறக்குறைய 15.6 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான் துள்ளும். 16.7 மில்லிவினாடிக்கு ஒரு முறை திரையைப் புதுப்பிக்கிற விளையாட்டுக்கு, 15.6-க்கு ஒரு முறை துள்ளுகிற கடிகாரத்தால் என்ன பயன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு படம் 80 மில்லிவினாடி நிற்க வேண்டும் என்று வைத்தேன். 8 படங்கள், ஒரு சுற்றுக்கு 640 மில்லிவினாடி. பையன் வினாடிக்கு 120 பிக்சல் வேகத்தில் போகிறான். அந்த 120-ஐ எங்கிருந்து எடுத்தேன்? எங்கிருந்தும் இல்லை. பார்க்க நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன். தவறு அங்கேதான் இருந்தது.

தோழி படங்களை அடுக்கிக் காட்டினாள். ஊன்றிய கால் முதல் படத்தில் உடம்புக்கு முன்னால் இருக்கிறது. அடுத்த படத்தில் உடம்பைப் பொறுத்து 6 பிக்சல் பின்னால். அதற்கடுத்ததில் இன்னும் 6. நடக்கும்போது உண்மையில் கால் நிற்கிறது, உடம்புதான் முன்னே போகிறது. தாளில் உடம்பு கட்டத்தின் நடுவிலேயே இருப்பதால் கால் பின்னே போவதாகத் தெரிகிறது. அப்படியானால் ஒரு படத்துக்கு உடம்பு சரியாக 6 பிக்சல் முன்னே போனால் கால் இருந்த இடத்திலேயே இருக்கும். 8 படங்களுக்கு 48 பிக்சல். என் பையனோ 640 மில்லிவினாடியில் கிட்டத்தட்ட 77 பிக்சல் போய்க்கொண்டிருந்தான். வரைந்தவள் 48 பிக்சலுக்கு நடை வரைந்திருக்கிறாள், நான் 77 பிக்சல் இழுத்துக்கொண்டு போகிறேன். பனிக்கட்டி மேல் நடப்பதுபோல வழுக்காமல் என்ன செய்யும்?

வேகத்தை நாம் தீர்மானிக்க முடியாது. அது ஏற்கெனவே படத்துக்குள் இருக்கிறது. 48 பிக்சலை 0.64 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 75 பிக்சல். அதைப் போட்டேன். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். கால் நின்றது.

அவளுக்கு அனுப்பினேன். "இன்னும் வழுக்குது" என்றாள்.

"என் மெஷின்ல நிக்குதே."

"என்னோடதுல வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். பென்சில் நுனியை வைத்துக் காட்டினாள். உண்மைதான், ஒவ்வோர் அடிக்கும் கால் கொஞ்சம் முன்னால் சறுக்கியது. அதே ஜார், அதே படம், அதே 75. அன்று இரவு முழுவதும் அதே யோசனை. ஒன்றே ஒன்றுதான் வேறாக இருந்தது. என் கணினி வினாடிக்கு 60 முறை புதுப்பித்தது. அவளுடையது 30 முறைதான் ஓடியது.

நான் எழுதியிருந்தது இப்படி: ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கழிந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வா. அது 80-ஐ எட்டினால் அடுத்த படத்துக்குப் போ, மாறியைப் பூஜ்யமாக்கு. இதில் எங்கே ஓட்டை?

வினாடிக்கு 60 முறை என்றால் ஒரு புதுப்பிப்புக்கு 16.67 மில்லிவினாடி. நான்கு சேர்ந்தால் 66.7, இன்னும் 80 ஆகவில்லை. ஐந்து சேர்ந்தால் 83.3. அப்போது படம் மாறுகிறது. கூடுதலாக இருந்த 3.3 மில்லிவினாடியைப் பூஜ்யமாக்கித் தூக்கிப் போட்டுவிடுகிறேன். ஆக, என் கணினியிலும் ஒரு படம் 80 அல்ல, 83.3 மில்லிவினாடி நின்றது. ஒரு சுற்று 640-க்குப் பதில் 667. அந்த நேரத்தில் பையன் போவது 48 அல்ல, 50 பிக்சல். இரண்டு பிக்சல் வித்தியாசம் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. அவளுடைய கணினியில் ஒரு புதுப்பிப்புக்கு 33.3 மில்லிவினாடி. இரண்டு சேர்ந்தால் 66.7, மூன்று சேர்ந்தால் 100. ஒவ்வொரு படமும் 100 மில்லிவினாடி நிற்கிறது. ஒரு சுற்று 800, பையன் போவது 60 பிக்சல். ஒரு சுற்றுக்கு 12 பிக்சல், ஓர் அடிக்கு 6 பிக்சல் சறுக்கல். படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கித்தான் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதால் திரையில் அது 18 பிக்சல். பென்சில் நுனிக்குத் தெரியாமல் இருக்குமா?

திருத்தம் ஒரே ஒரு இடத்தில். பூஜ்யமாக்காமல் 80-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் இருப்பது அடுத்த படத்தின் கணக்கில் போய்ச் சேரும். அதோடு ஒரு முறை மட்டும் சோதிக்கும் இஃப் போட்ட இடத்தில், திரும்பத் திரும்பச் சோதிக்கும் வைல் போட வேண்டும். எங்காவது 200 மில்லிவினாடி திக்கிவிட்டால் ஒரே படம் நகர்ந்தால் போதாது, இரண்டு நகர வேண்டும். இன்னும் எளிய வழியும் உண்டு. நடை தொடங்கியதிலிருந்து மொத்தம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அதை 80-ஆல் வகுத்து ஈவை எடுத்து, அதை 8-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் ஃபிரேம் எண் வந்துவிடும். சேர்ப்பதும் கழிப்பதுமே வேண்டாம்.

ஆனால் நான் அங்கேயும் நிற்கவில்லை. மேட்டில் ஏறும்போது பையன் மெதுவாகப் போக வேண்டும் என்று ஆசை வந்தது. வேகத்தைக் குறைத்ததும் கால்கள் பழைய வேகத்திலேயே அடித்துக்கொண்டு நின்றன. அப்போதுதான் புரிந்தது, நடைக்குக் கடிகாரமே தேவையில்லை. தூரம் போதும். பையன் மொத்தம் எவ்வளவு பிக்சல் நடந்திருக்கிறான் என்பதை 6-ஆல் வகுத்து, அந்த ஈவை முன்போலவே 8-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் அவன் எந்தப் படத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வேகமாகப் போனால் கால் வேகமாக மாறும், மெதுவாகப் போனால் மெதுவாக மாறும், நின்றால் நின்றுவிடும். கணினி 30 முறை ஓடினால் என்ன, 144 முறை ஓடினால் என்ன.

இதை எழுதி முடித்து, பையனைப் பின்பக்கமாக நடக்கவிட்டேன். உடனே அணியின் எல்லை தாண்டியதாகப் பிழை வந்து நின்றது. காரணம் ஜாவாவின் மீதிக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் மீதி எப்போதும் பூஜ்யம் அல்லது அதற்கு மேல்தான். ஜாவாவில் -1 என்பதை 8-ஆல் வகுத்தால் மீதி -1 என்று வரும். எனக்கு வேண்டியது 7. இதற்கென்றே ஜாவா 8-இல் கணக்குகளுக்கான மேத் கிளாசில் ஃப்ளோர்மாட் என்ற மெத்தடைச் சேர்த்தார்கள். ஈவுக்கும் ஃப்ளோர்டிவ் உண்டு. அவை முழு எண்களுக்கு மட்டும்தான். தூரத்தைப் பின்னமாக வைத்திருந்தால் 6-ஆல் வகுத்து மேத் கிளாசின் ஃப்ளோரால் கீழ்ப்பக்கமாகத் தறித்துவிட்டு, அப்புறம் ஃப்ளோர்மாட்டிடம் கொடுக்க வேண்டும்.

இதே பூஜ்யத்தின் பக்கத்தில் இன்னொரு சின்னச் சங்கதி ஒளிந்திருக்கிறது. பையன் நிற்கும் இடத்தைப் பின்ன எண்ணாக வைத்துக்கொண்டு, வரையும்போது இன்ட் என்று அடைப்புக்குள் போட்டு முழு எண்ணாக்குவோம். ஜாவா அப்படி மாற்றும்போது பூஜ்யத்தை நோக்கித் தறிக்கும். 0.9-உம் 0 ஆகும், -0.9-உம் 0 ஆகும். மற்ற பிக்சல்களில் இருக்கும் நேரத்தைப்போல இரு மடங்கு நேரம் பூஜ்யத்தில் நிற்பான். பாத்திரம் பூஜ்யத்தைக் கடக்கும்போது மட்டும் ஒரு திக்கல் தெரிகிறது என்றால் இதுதான் காரணம். இங்கேயும் ஃப்ளோர் போட்டால் சரியாகிவிடும்.

தூரத்தை வைத்து ஓட்டினாலும் ஒன்று மிச்சம் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஒரு பிக்சல் சொச்சம் நகர்கிறது. கால் 6 பிக்சலுக்கு ஒரு முறைதான் மாறுகிறது. ஆகவே ஒரே படம் நிற்கும் நேரத்தில் கால் உடம்போடு சேர்ந்து முன்னே இழுபட்டு, படம் மாறியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். இது சறுக்கல் இல்லை, நடுக்கம். சறுக்கிய கால் திரும்பி வராது, நடுங்கிய கால் வந்துவிடும். பென்சில் நுனியை வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். நடுக்கத்தைக் குறைக்க இரண்டு வழி. 16 படம் வரைந்து வாங்கினால் படத்துக்கு 3 பிக்சல்தான். அல்லது நடக்கும்போது மட்டும் பாத்திரத்தை 6 பிக்சல் படிகளில் வைத்து வரையலாம். கால் அசையாது, ஆனால் உடம்பு தட்டுத் தட்டாகப் போகும். நான் 8 படத்தோடு நடுக்கத்தை ஏற்றுக்கொண்டேன். சின்னப் பாத்திரத்தில் கண் அதை மன்னித்துவிடுகிறது. சறுக்கலை மன்னிப்பதில்லை.

காலம் ஒரு பாதி என்றால் இடம் மறுபாதி. டிராஇமேஜ் படத்தின் மேல் இடது மூலையைக் கேட்கிறது. நாமும் பாத்திரம் இருக்கும் இடத்தை மேல் இடது மூலையாகவே வைத்துக்கொள்கிறோம். எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒருநாள் அவள் பையன் கம்பு வீசுவதை வரைந்து தந்தாள். கம்பு நீளுவதால் அந்தக் கட்டம் மட்டும் 96 பிக்சல் அகலம். வீசும் விசையை அழுத்தியதும் பையன் 16 பிக்சல் வலப்பக்கம் துள்ளிவிட்டுத் திரும்ப வந்தான். மூலை அதே இடத்தில்தான் இருந்தது. கட்டத்தின் நடுவில் நின்ற பையன்தான் நகர்ந்துவிட்டான். ஸ்ப்ரைட் ஷீட்டை அடுக்கித் தரும் மென்பொருள்கள் காலி ஓரங்களை நறுக்கி இடத்தை மிச்சப்படுத்தும்போதும் இதேதான் நடக்கும். கை தூக்கினால் கட்டம் உயரும், குனிந்தால் தாழும், பாத்திரம் மேலும் கீழும் குதிக்கும்.

இதற்கு விடை ஜாவாவிலேயே ஒரு காலத்தில் இருந்தது. கைபேசிகளுக்கான எம்ஐடிபி 2.0 என்ற வரையறை 2002-இல் வந்தது. அதில் விளையாட்டுகளுக்கென்றே ஒரு பேக்கேஜ், அதற்குள் ஸ்ப்ரைட் என்றே ஒரு கிளாஸ். தாளையும் ஒரு கட்டத்தின் அளவையும் கொடுத்தால் அதுவே வெட்டிக்கொள்ளும். தாளின் அளவு கட்டத்தின் முழு மடங்காக இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று பிழையை எறியும். நெக்ஸ்ட்ஃபிரேம் என்று அடுத்த படத்துக்குப் போகலாம், எந்த வரிசையில் படங்கள் வர வேண்டும் என்று சொல்லலாம், கண்ணாடிபோலத் திருப்பலாம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதன் டிஃபைன்ரெஃபரன்ஸ்பிக்சல். படத்துக்குள் ஒரு பிக்சலைக் குறித்து, இதுதான் இவனுடைய ஆதாரப் புள்ளி என்று சொல்லிவிடலாம். அதற்கப்புறம் அந்தப் புள்ளியைத்தான் திரையில் வைப்போம், மூலையை மறந்துவிடலாம். திருப்பினாலும் அந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். சின்னத் திரைக் கைபேசிக்கு இவ்வளவு அக்கறையாக ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறார்கள். மேசைக் கணினியின் ஜாவாவில் இன்றுவரை அப்படி ஒன்று இல்லை.

அதைப் பார்த்து நானே ஒன்று எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தாளில் அதன் மூலை, அகலம், உயரம், அப்புறம் இரண்டு எண்கள்: அந்தக் கட்டத்துக்குள் பாதத்தின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது. பையன் நிற்கும் இடம் என்று விளையாட்டு வைத்திருப்பது பாதத்தின் இடம்தான். வரையும்போது அதிலிருந்து அந்த இரண்டு எண்களையும் கழித்தால் மூலை வந்துவிடும். தோழி இப்போது படத்தோடு அந்த எண்களையும் எழுதித் தருகிறாள். கம்பு வீசினாலும் குனிந்தாலும் பையன் நின்ற இடத்தில் நிற்கிறான். தரையில் நிற்கிறானா என்று பார்ப்பதும் சுலபமாகிவிட்டது, பாதத்தின் உயரமும் தரையின் உயரமும் ஒன்றா என்று கேட்டால் போதும்.

பெரிதாக்கிக் காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பிக்சல் படங்களை 2, 3, 4 என்று முழு மடங்கில்தான் பெரிதாக்க வேண்டும். இரண்டரை மடங்கு என்றால் சில பிக்சல் இரண்டாகவும் சில மூன்றாகவும் விரிந்து முகம் கோணிப்போகும். ஜாவா 9-இலிருந்து விண்டோஸில் திரையின் 125 சதவீதப் பெரிதாக்கலை ஜாவாவே மதித்து நடக்கிறது. அதனால் நாம் மூன்று மடங்கு என்று நினைத்தது திரையில் மூன்றே முக்கால் மடங்காக வந்து நிற்கலாம். லினக்ஸில் அனிமேஷன் காரணமில்லாமல் திக்கினால், வரைந்து முடித்ததும் டூல்கிட்டின் சிங்க்கைக் கூப்பிட்டுப் பாருங்கள். லிப்ஜிடிஎக்ஸ் என்ற விளையாட்டு நூலகத்தின் பக்கம் போகிறவர்கள் கட்டங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பிக்சல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். இல்லாவிட்டால் படத்தை மென்மையாக்கும்போது பக்கத்துக் கட்டத்தின் ஓரம் இங்கே கசிந்து, பையனின் தோளருகே யாருடைய ஷூ நுனியோ கோடாகத் தெரியும்.

கால் பாவுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பாவாத கணமும் உண்டு. 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். பாய்ந்து ஓடும்போது நான்கு குளம்பும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் விடை இருந்தது. எழுகின்றன. அதுவும் ஓவியர்கள் வரைந்து வந்ததுபோலக் கால்களை முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் இல்லை, நான்கையும் வயிற்றுக்கடியில் மடக்கிய நிலையில். அந்த 12 படங்களும் ஒரே அட்டையில் கட்டம் கட்டமாக அச்சாயின. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஒரு ஸ்ப்ரைட் ஷீட்டாகத்தான் தெரிகிறது.

தோழி பையனின் ஓட்ட வரிசையைத் திரும்ப வரைந்தது அதைப் பார்த்துவிட்டுத்தான். எட்டில் இரண்டு படங்களில் பையனின் இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கும். அந்த இரண்டும் 60 மில்லிவினாடி, கால் ஊன்றும் படங்கள் 90 என்று நேரம் கொடுத்தாள். எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் என்று நான் எழுதி வைத்திருந்த கோடை மாற்றி, ஃபிரேமுக்கு ஒரு நேரம் என்று ஆக்க வேண்டியதாயிற்று. ஓட்டத்தில் உயிர் வந்தது அதற்கப்புறம்தான்.

சுயம்வர மண்டபத்தில் நளன் உருவிலேயே நான்கு தேவர்களும் வந்து உட்கார்ந்திருக்க, தமயந்தி நிஜ நளனை எப்படி அடையாளம் கண்டாள்? அவன் கண் இமைத்தது, கால் நிலத்தில் தோய்ந்தது, கழுத்து மாலை வாடியிருந்தது. சும்மா நிற்கும் வரிசைக்கு நான் கண் இமைப்பதைச் சேர்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வினாடிக்கு ஒரு முறை, இரண்டே படம், படத்துக்கு 80 மில்லிவினாடி. அதுவரை அட்டைபோல நின்றவன் அந்த இமைப்பில் ஆளாகிவிட்டான். அப்புறம் தெருவில் இருபது பேரை நிறுத்தினேன். இருபது பேரும் ஒரே கணத்தில் இமைத்தார்கள், பார்க்கவே பயமாக இருந்தது. தாள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம், கடிகாரம் ஆளுக்கொன்று வேண்டும். ஒவ்வொருவருக்கும் தொடக்க நேரத்தை ரேண்டமாக ஒன்று கொடுத்ததும் தெரு தெருவாகிவிட்டது.

மூன்றாவது வாரக் கடைசியில் தூரத்தை வைத்து ஓடும் நடையை அவள் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அதே பென்சிலை எடுத்தாள். பையன் வலது காலை ஊன்றிய இடத்தில் நுனியை வைத்தாள். ஒரு படம், இரண்டு, மூன்று, நான்கு. நுனிக்குப் பக்கத்தில் குதிகால் கொஞ்சம் நடுங்கி நடுங்கித் திரும்பி அதே இடத்துக்கு வந்தது. இடது கால் முன்னே போய் இறங்கியது. அப்புறம்தான் வலது கால் எழுந்தது. அவள் பென்சிலை எடுத்து இடது காலுக்கு நேராக வைத்தாள்.